கூட்டத்துக்கு வைத்த மைக்

நெல்டா ஒயார்சுன் கூட்டத்தின் சத்தத்தை வைத்துப் பிழைத்தவள். ஒலிபரப்பு வண்டிக்குள் பாடகரின் குரலைப் பார்க்க ஒருவர், வாத்தியங்களைப் பார்க்க ஒருவர் இருந்தார்கள். ஜனங்களின் கைதட்டலும் கூச்சலும் அவள் பங்கு. மேடையைச் சுற்றிக் கட்டிய மைக்குகள் எல்லாம் அவள் கையிலிருந்த ஒரே ஃபேடரில், அந்தத் தள்ளு விசையில், வந்து சேரும். மேலே தள்ளினால் டிவி பார்க்கிறவர்களுக்குக் கூட்டம் இரையும், கீழே இழுத்தால் அடங்கிவிடும். நான் பக்கத்து நாற்காலி. திரையில் பெயர் ஓட்டுவது என் வேலை.

"நான் யாரையும் கை தட்டச் சொல்றதில்லடி. தட்டினவங்களக் காட்டிக் குடுக்கறேன், அவ்வளவுதான்" என்பாள்.

எங்கள் பிப்ரவரி பாட்டு விழாவுக்கு வரும் கூட்டத்தைச் சிலி முழுக்கப் பூதம் என்றுதான் சொல்வார்கள். பிடித்துவிட்டால் தலையில் தூக்கி வைத்து ஆடும், பிடிக்காவிட்டால் விசிலடித்தே விரட்டும். நகைச்சுவைக்காரர்கள் என்றால் அதற்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

அந்த வருடம் அதன் முன்னால் ஜோக் சொல்ல வந்தவன் ஒமெரோ, நெல்டாவை விட்டுப் பிரிந்த புருஷன். குடித்தே குடும்பத்தைக் கெடுத்தவன். இப்போது தொடுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டிருந்தான். மகள் தமாரா அதை நம்பி, ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைப் பார்க்கப் போய்வர ஆரம்பித்திருந்தாள். இன்னொரு தடவை குடித்தால் இந்த ஜென்மத்துக்கும் உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று அவனிடமே சொல்லியும் இருந்தாள். அன்று வால்பரைசோவில் வீட்டு டிவி முன்னால் அவள் உட்கார்ந்திருப்பது எங்களுக்குத் தெரியும்.

"வேற யாரையாவது இங்க உக்காரச் சொல்லட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அவன் யாரு எனக்கு?"

முதல் ஜோக்குக்கு யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவதுக்கு எங்கோ ஒரு விசில் கேட்டது. பிறகு பத்து, பிறகு மொத்த மைதானமும்.

"விசிலை இறக்கு நெல்டா!" பின்னாலிருந்து இயக்குநர் காசெரெஸ் கத்தினார். "சுத்தமா இறக்கு! அடுத்த வாரத்துலேருந்து இவன் ஷோ நம்ம சேனல்லதான் வருது. மானம் போயிடும்!"

அவள் இறக்கினாள். வண்டிக்குள் சட்டென்று அமைதி. விபரீதம் அப்போதுதான் தெரிந்தது. திரையில் ஒமெரோவுக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, வார்த்தை குழறியது. "தயவு பண்ணுங்க... ஒரு நிமிஷம்..." என்று கெஞ்சினான். யாரிடம் கெஞ்சுகிறான், எதற்கு? டிவியில்தான் கூட்டத்தின் சத்தமே இல்லையே.

கேமராக்களை மாற்றிக்கொண்டிருந்த பெல்ட்ரான் சிரித்தான். "நல்லா ஏத்திக்கிட்டு வந்திருக்கான்யா. நிக்கவே முடியல பாரு!"

நெல்டாவின் முகம் வெளிறிப் போனது. "பொண்ணு பாத்துட்டிருக்கா" என்றாள் தனக்குள். ஃபேடரை உச்சிவரை தள்ளினாள்.

விசில் வண்டியையே அடைத்தது. அதே ஆள், அதே நடுக்கம். ஆனால் இப்போது அவன் எதன் எதிரில் நிற்கிறான் என்பது குருடனுக்கும் விளங்கும்.

"பழைய பகையைத் தீக்கிறியா? இறக்கு!" காசெரெஸ் பாய்ந்து வந்தார்.

அவள் ஃபேடர்மேல் முழங்கையைப் போட்டுக் கவிழ்ந்துகொண்டாள். "அவன் முடிக்கட்டும்."

"இன்னியோட உன் வேலையும் முடிஞ்சுது."

"சரி."

காரணத்தைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். அவளுக்கு அந்த வாய் கிடையாது, எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஒமெரோ இறங்கி ஓடவில்லை. தண்ணீர் குடித்தான், விட்ட இடத்திலிருந்து ஜோக்கைத் தொடர்ந்தான், கடைசிவரை சொன்னான். கும்பிட்டுவிட்டுத்தான் போனான். பூதம் ஒரு கைதட்டல்கூடத் தரவில்லை.

நாங்கள் வண்டியை விட்டு இறங்கும்போது வாசலில் ஒமெரோ நின்றான். அதற்குள் யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

"விசிலைத் தூக்கி நாடு முழுக்கக் கேக்க வெச்சியாமே? இப்ப மனசு ஆறிடுச்சா?"

நான் வாயைத் திறந்தேன். நெல்டா என் கையைக் கிள்ளினாள். அவள் ஃபோன் அடித்தது. எடுத்துக் கேட்டாள், அவனிடம் நீட்டினாள்.

"உன் பொண்ணு."

தமாரா அழுதுகொண்டே கத்தியது எனக்கே கேட்டது. "அப்பா, நடுவுல கூட்டத்து சத்தமே நின்னுடுச்சுப்பா. நீ ஒளர்றதப் பாத்து மறுபடி குடிச்சிட்டியோன்னு நெனச்சேன். டிவியை நிறுத்தப் போயிட்டேன். அப்பதான் திரும்ப அந்த விசில் கேட்டுச்சு... அத்தன பேர் விரட்டியும் நீ போகலியேப்பா!"

ஒமெரோ வண்டியில் சாய்ந்துவிட்டான். "ஞாயித்துக்கிழமை வர்றியாம்மா?" என்று கேட்டான். பிறகு நெல்டாவைப் பார்த்தான்.

"பேசிட்டியா?" என்று அவள் கையை நீட்டினாள். "ஃபோனைக் குடு. எனக்கு பஸ் போயிடும்."