வலது கன்னம்

என் மகனுக்கு ஒரு வயது முடிவதற்குள்ளேயே, அவன் கன்னத்தோடு கன்னம் வைக்கக் கூடாது என்று எனக்குத் தடை வந்துவிட்டது. தடை போட்டவர் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா. அவருக்குப் பிள்ளை இல்லை. புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்ட பிறகு எங்களோடு வந்து தங்கிவிட்டார். நான் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவர்தான். நன்றாகவே பார்த்துக்கொண்டார். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நியாயமாக இருக்காது. ஆனால் அந்த மார்கழியில் நியாயம் பேசுகிற நிலையில் நான் இல்லை.

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து காலை பஸ்ஸில் விருத்தாசலம் போய், செராமிக் பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் வீடு வரைக்கும் ஓட்டம்தான். அன்றும் ஓடிவந்து வாசலிலேயே பிள்ளைக்குக் கை நீட்டினேன். அவன் தாவினான். நாத்தனார் அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"மொதல்ல போயி மூஞ்சிய கண்ணாடில பாரு."

பார்த்தேன். வலது கன்னம் கொஞ்ச நாளாகவே வறண்டுபோய், வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்துகொண்டிருந்தது. சிரித்தால் இழுத்துப் பிடிக்கும். கொட்டாவி விட்டால் வாய் ஓரத்தில் வெடித்து எரியும். விரலால் தடவினால் வெங்காயச் சருகு மாதிரி உதிரும்.

"பனிக்கு வெடிச்சிருக்குதுக்கா" என்றேன்.

"பனின்னா ரெண்டு பக்கமும்தான அடிக்கும்? ஒனக்கு மட்டும் ஒரு பக்கமா அடிக்குதா? இது படை. ஒட்டிக்கிற நோவு. புள்ளைக்கு வந்துட்டா அவன் அப்பனுக்கு நான்தான பதில் சொல்லணும்?"

கேள்வியில் ஓட்டை இல்லை. ஏன் ஒரு பக்கம் மட்டும் என்று எனக்கும் தெரியவில்லை. நீட்டின கையை இழுத்துக்கொண்டேன், அதையே அவர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்காரர் கரும்பு லாரி ஓட்டினார். சர்க்கரை ஆலையில் அரவை நடக்கும் மாதங்களில் அவர் வீட்டுக்கு வருவதே அரிது. வந்த ஒரு நாள் விஷயத்தைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அக்கா புள்ள நல்லதுக்குத்தான சொல்லுது. ஆறுற வரைக்கும் கொஞ்சம் தள்ளி இருந்துக்க" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரசத்தை அவர் தலையில் ஊற்றியிருப்பேன். தட்டில்தான் ஊற்றினேன்.

தள்ளி இருப்பது என்றால் என்ன என்பதை நாத்தனார் ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். எனக்குத் தனி டம்ளர், தனித் துண்டு, தனித் தலையணை. பால் கொடுக்கும்போது முகத்தைத் துண்டால் மூடிக் கட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளை அந்தத் துண்டைப் பிடித்து இழுப்பான். இழுத்தால் அவர் வந்து அவன் கையை எடுத்துவிடுவார். என் மடியில் கிடக்கிற என் பிள்ளை, என் முகத்தைப் பார்க்க முடியாமல் துணியைப் பார்த்துக்கொண்டே பால் குடிப்பான். பிறகு அதுவும் வேண்டாம் என்று பால் பவுடர் டப்பா வந்தது. பால் கட்டி மார் வலித்ததை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளை பெறாத அவரிடம் போய் எப்படிச் சொல்வது?

மருந்துக்கடையில் கன்னத்தைக் காட்டினேன். கடைக்காரர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, படைக்கு என்று ஒரு ட்யூப் கொடுத்தார். போட்டால் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். சிவந்து, இன்னும் அதிகமாக உரிந்தது. நாத்தனார் என்னைப் பார்த்த பார்வையில், தான் சொன்னது சரியாகிவிட்டதே என்ற பயம் இருந்தது. பயந்தவர்களோடு சண்டை போடுவது கஷ்டம்.

கம்பெனியில் என் வேலை, காய்ந்த பொம்மைகளைப் பார்த்துப் பிரிப்பது. மண்கூழை அச்சில் ஊற்றி எடுத்த பிள்ளையாரும் கிளியும் பலகைகளில் வரிசையாகக் காயும். நன்றாகக் காய்ந்தது மட்டும்தான் பளபளப்புக்கான கிளேஸில் முங்கி, சூளைக்குள் போக வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் வெடிக்கும். வெடிக்கிறது தானும் போய், பக்கத்தில் இருக்கிறதையும் சேர்த்து நொறுக்கும். ஈரத்தைக் கையால் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் கைகள் மண்ணில் கிடந்து காய்த்துப் போனவை. அதனால் அங்கே எல்லாப் பெண்களும் செய்வது ஒன்றுதான், பொம்மையைத் தூக்கிக் கன்னத்தில் வைப்போம். சில்லென்று இருந்தால் ஈரம், பலகைக்கே திரும்பும். இல்லாவிட்டால் காய்ந்தது. கன்னம் பொய் சொல்லாது.

வேலை முடிந்ததும் முகத்தில் அப்பியிருக்கும் மண்ணைக் குளிக்கிற சோப்பு எடுக்காது என்று துணி சோப்பைத்தான் போடுவோம். தேய்த்துக் கழுவினால் முகம் கழுவின தட்டு மாதிரி கீச்சென்று இருக்கும். அதுதான் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் எரிச்சல் தாங்காமல் காலையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு போனேன். எண்ணெய் பட்ட இடத்தில் கிளேஸ் ஒட்டாது, அங்கங்கே சொட்டையாக நிற்கும். அது அங்கே கால் வைத்த முதல் நாளே சொல்லித்தருகிற பாடம். மேஸ்திரி என் கன்னத்தின் மினுமினுப்பை வாசலிலேயே பார்த்துவிட்டார்.

"சீவி சிங்காரிச்சிகிட்டு பொம்மைய கொஞ்ச வந்தியா? போ, போயி கழுவு."

கழுவினேன். துணி சோப்பால்தான். வீட்டில் உயிருள்ள பிள்ளைக்குக் கன்னம் கொடுக்கக் கூடாது, இங்கே மண் பிள்ளையாருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இரண்டையும் அருகருகே எழுதி வைத்த மாதிரி கண்ணெதிரே பார்த்தும், ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தம் உண்டு என்று என் மூளைக்கு எட்டவில்லை. இட்லி அவிக்கிறவள் ஆவியைச் சந்தேகப்படுவாளா?

தை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து நாத்தனார் போட்ட சத்தத்தில், பிள்ளை கீழே விழுந்துவிட்டான் என்று நினைத்து ஈரக் கையோடு ஓடினேன். அவன் விழவில்லை. அவர் மடியில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் இரண்டு கன்னத்திலும் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தது.

"குடுத்துட்டியே! பாவி, பச்ச மண்ணுக்கு குடுத்துட்டியே!"

"நான் அவன தொட்டே எத்தினி நாளாவுது? எப்பிடிக்கா குடுப்பேன்?"

"அப்ப காத்துல வந்துச்சா?"

என் குரல் உயர்ந்தது, அவர் குரல் அதற்கு மேல் உயர்ந்தது, பிள்ளை வீறிட்டான். கத்திக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒரு சந்தேகம் கிளம்பியது. ஒருவேளை உண்மையாகவே நான்தானோ? தூங்கும்போது ஒரு தடவை, அவர் பார்க்காத நேரத்தில், அவன் உள்ளங்காலில் முத்தம் வைத்திருந்தேன். உள்ளங்காலிலிருந்து கன்னத்துக்கு ஏறுமா என்றெல்லாம் யோசித்தேன். பயம் வந்தால் புத்தி அப்படித்தான் போகிறது.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு விருத்தாசலத்துக்குப் போனோம். பஸ்ஸில் அவர் பிள்ளையோடு முன் சீட்டில், நான் பின்னால் ஜன்னல் ஓரத்தில். அவர் தோளுக்கு மேலே தெரிந்த பிள்ளையின் உச்சந்தலையையே வழி நெடுகப் பார்த்துக்கொண்டு வந்தேன். படை என்று டாக்டரும் சொல்லிவிட்டால் இந்த வீட்டில் எனக்கு இனிமேல் பிள்ளை இல்லை, அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

தோல் டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். முதலில் பிள்ளையைத்தான் பார்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பி, கன்னத்தைத் தடவி, சட்டையைத் தூக்கி முதுகையும் பார்த்தார். முதுகும் சொரசொரவென்று இருந்தது.

"குழந்தைய எப்படிக் குளிப்பாட்டுறீங்க?"

நாத்தனார் பெருமையாகவே சொன்னார். "காலைல ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டிங்க. நல்லா சுடுதண்ணி வச்சி, பயத்தமாவு போட்டு அழுத்தித் தேச்சி, கடைசில மருந்துத் தண்ணி ஊத்துவேங்க. வூட்டுல இப்பிடி ஒரு நோவு இருக்குதுல்ல, கிருமி ஒட்டக் கூடாதுன்னு."

"எந்த நோவு?"

அவர் என்னைக் காட்டினார். டாக்டர் என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"வலது பக்கம் மட்டும் ஏன்? என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக் காட்டினேன், எடுத்தேன், மறுபடியும் வைத்தேன். மூன்றாவது தடவை வைக்கும்போது என் கை அப்படியே நின்றுவிட்டது. நாள் முழுக்க இந்தப் பக்கம்தான். இந்தக் கையால்தான். இந்தக் கன்னத்தில்தான்.

"காஞ்ச மண்ணு தண்ணியக் குடிக்கும்ல? நாளெல்லாம் உங்க தோல்ல இருக்கற ஈரத்தையும் எண்ணெயையும் குடிச்சிருக்குது. மிச்சத்த சோப்பு எடுத்துட்டுது. படையும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது யாருக்கும் ஒட்டாது" என்றார். நாத்தனார் பக்கம் திரும்பி, "குழந்தைக்கு வந்ததும் இவங்களால இல்லம்மா. சுடுதண்ணி, மாவு, மருந்துத் தண்ணி எல்லாத்தையும் நிறுத்துங்க" என்றார்.

துணி சோப்பைத் தொடக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர் போதும். துடைத்துத் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன்பே வெள்ளைக் களிம்பைப் பூச வேண்டும், இருவருக்கும். வேலைக்குப் போகும்போது களிம்பு வேண்டாம், வந்ததும் போடலாம். பொம்மையை மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழக வேண்டும். ட்யூபைத் தூக்கிப் போடச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். "ஒட்டாது" என்ற ஒரு சொல்லுக்குப் பிறகு மற்றதெல்லாம் எனக்கு லேசாகத்தான் கேட்டது.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நாத்தனார் பிள்ளையோடு முன்னால் நடந்தார். அவரை வார்த்தையால் குதறுவதற்கு என்னிடம் ஒரு மூட்டை இருந்தது. பஸ் வந்து ஏறி உட்கார்ந்ததும், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், அவர் பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டுப் பின் சீட்டுக்குப் போய்விட்டார். மூட்டை அவிழவில்லை.

குனிந்து அவன் முகத்தைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். துண்டு இல்லாத முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். பிறகு உடம்பை வில்லாக வளைத்து, என் தோளுக்கு மேலே பின் சீட்டைப் பார்த்துக் கை நீட்டிக் கதறினான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஒரு அம்மா, "யாரு கொழந்தம்மா இது?" என்று கேட்டார். பெற்ற வயிறு அந்தக் கேள்வியை எப்படித் தாங்கியது என்று இன்றும் தெரியவில்லை.

பின்னாலிருந்து நாத்தனார் என் தோளைத் தொட்டார்.

"குடும்மா இப்பிடி. புள்ள வெதும்புது."

நான் அவனை இன்னும் இறுக்கிப் பிடித்து, உரிந்த கன்னத்தை உரிந்த கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். அவன் கண்ணீர் என் வெடிப்புகளில் இறங்கிச் சுரீரென்று எரிந்தது.

"அழட்டும்க்கா" என்றேன். "என்கிட்ட இருந்தே அழட்டும்."