சுவரில் ஒட்டிய பத்திரிகை

பிரேசர் டவுனில் ஒரு காபிக் கடை. சுவர் முழுக்கப் பழைய ஆங்கிலப் பத்திரிகைத் தாள்களை ஒட்டி வார்னிஷ் பூசியிருக்கிறார்கள். வெள்ளைக்காரர் காலத்தில், ராணுவக் குடியிருப்பாக இருந்த இந்தக் கண்டோன்மென்டிலேயே அச்சான பத்திரிகை அது. அதன் வரலாற்றை எழுதத்தான் சென்னையிலிருந்து வந்திருக்கிறேன். நான் தேடிய எந்த நூலகத்திலும் இந்த இதழ்கள் இல்லை.

"இதெல்லாம் ஒரிஜினலா?" என்று கடைக்காரரிடம் கேட்கிறேன்.

"ஒரிஜினல்தான் சார். பழைய பேப்பர் கடையில கட்டுக் கட்டா கிடைச்சுது. ஜெராக்ஸ் எடுத்து ஒட்டினா இந்தக் கலர் வராது."

"ஒட்டினது போக மிச்சம்?"

"தூக்கிப் போட்டுட்டோம். யாரு சார் படிக்கப் போறாங்க? வர்றவங்க நின்னு செல்ஃபி எடுப்பாங்க, அஷ்டே, அவ்வளவுதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "நான் படிப்பேன்!" என்று கத்திவிடுகிறேன். எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். கண்ணெதிரே இருக்கும் செய்தியைத் தமிழாக்கி உரக்கப் படிக்கிறேன். சூப் ஆறிப்போனதற்காக ஒரு ராணுவ அதிகாரி தன் சமையல்காரரைச் சவுக்கால் அடித்திருக்கிறார். சமையல்காரர் பயப்படாமல் கோர்ட்டுக்குப் போய், சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டியிருக்கிறார். அதிகாரியின் பெயர் பட்டங்களோடு அச்சாகியிருக்கிறது. அடிபட்டவருக்குப் பெயரே இல்லை, வெறும் 'மதராஸ் சமையல்காரன்'.

கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் நிற்கிறார்.

"அப்புறம்? கேஸ் ஜெயிச்சாரா சார்?"

தீர்ப்பு அடுத்த பத்தியில் இருந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் தாளைச் சதுரமாக வெட்டி ஸ்விட்ச் போர்டு வைத்திருக்கிறார்கள்.

"நீங்கதான் சொல்லணும்" என்கிறேன்.