எல்லாத் தலைப்புக்கும் ஒரே கட்டுரை

மார்ச் மாத முதல் சனிக்கிழமை, மலேசியாவின் அசாம் ஜாவா ஊரில் நானும் சேர்ந்திருந்த ஆங்கிலக் கட்டுரை வகுப்பில் அவரைச் சந்தித்தேன். செம்பனை எண்ணெய் ஆலைக் காவலாளி. ஐம்பதை நெருங்கியவர், சீருடை மடிப்புக் கலையாதவர். எஸ்பிஎம் என்னும் பள்ளியிறுதித் தேர்வின் ஆங்கிலத் தாளில் தேறினால் மேற்பார்வையாளர் பதவி கிடைக்கும். எந்தத் தலைப்புக்கும், மனப்பாடம் செய்துவைத்த கடற்கரைச் சுற்றுலாவையே எழுதுவார்.

“அண்ணே, தலைப்பு தீ விபத்து லா. இதுலயும் கடலா?” என்றார் இளம் ஆசிரியை.

“பக்கத்துல தண்ணி இருந்தா நல்லதுதானே டீச்சர்!”

வகுப்பு சிரித்தது.

“நீங்க தீ விபத்தே பாத்ததில்லையா?”

“தோட்டத்துல நாங்க குடியிருந்த லயத்து வீடுங்களே எரிஞ்சிருக்கு. அத எழுதுனா தப்புத் தப்பா வரும். இதுல ஒரு தப்பும் வராது.”

தேர்விலும் மனப்பாடத்தையே எழுதினார், தேறவில்லை. பிழைக்கு அஞ்சினாரா, அந்தத் தீயைத் தாளில் வைக்க மனம் வரவில்லையா என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.