நிலவில் இறங்கிய சிவப்பு மை

அந்தோணி ஆரோக்கியமேரி (1951–2010). கவரைப்பேட்டையில் வாழ்ந்தவர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எஃகு வார்ப்படம் செய்யும் ஆலை ஒன்றில் இருபத்தேழு ஆண்டுகள் விரிசல் சோதனையாளராகப் பணியாற்றினார்.

அவருடைய வேலையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். வார்ப்படத்தின் மேல் சிவப்பு மையைப் பூசுவார். பத்து நிமிடம் பொறுத்துத் துடைப்பார். பிறகு வெள்ளைப் பொடியைத் தெளித்துவிட்டுக் காத்திருப்பார். கண்ணுக்குப் புலப்படாத விரிசல் எங்கேனும் இருந்தால், அதற்குள் ஒளிந்துகொண்ட மையைப் பொடி மேலே இழுக்கும். வெண்மையின் நடுவே மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று தானாக மலர்ந்து வரும். அந்தக் கோடு வருமா வராதா என்று பார்த்திருக்கும் நேரத்தில் ஆலையின் இரைச்சலெல்லாம் எங்கோ தொலைவுக்குப் போய்விடும் என்பார்.

பிள்ளைப் பருவத்திலிருந்தே வேலைக்குப் போனவர் என்பதால் விளையாட்டு என்று அவர் எதையும் அறிந்ததில்லை. அது ஐம்பத்திரண்டாம் வயதில் வந்தது. 2003ஆம் ஆண்டு, உருக்குவதற்காக வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்புக் குவியலுக்குள் நான்கு கால்களும் கண்ணாடி மூடியுமாக ஒரு பெட்டி கிடந்தது. மின்பணியாளர் குப்புராஜ் அதைத் தூக்கி வந்து, ஒரு மாதம் குடைந்து, ஓய்வறையில் ஓட வைத்தார். சரிவான பலகையில் எஃகுக் குண்டு உருண்டு வரும். இரு பக்கத்துப் பொத்தான்களை அழுத்தினால் கீழே உள்ள சிறு மட்டைகள் அதை மேலே தட்டும். ஆலையில் எல்லோரும் அதைக் குண்டுப் பெட்டி என்றே அழைத்தார்கள்.

பலகையில் இரவு வானம் தீட்டப்பட்டிருந்தது. நட்சத்திரங்களுக்கு நடுவே பெண்ணொருத்தி படகு வலித்துப் போவாள். அவள் தலைக்கு மேல் பெரிய நிலவு. ஆங்காங்கே பதித்த வட்டக் கண்ணாடிச் சில்லுகள் அடியிலிருக்கும் பல்புகளால் ஒளிரும். மதிய இடைவேளையில் சோற்று டப்பாவைக் கழுவி வைத்ததும் மேரி அதன் முன் நிற்பார். குண்டு நிலவைக் கடந்து இறங்கும்போது அவருக்குத் தானே அந்தப் படகில் இருப்பதுபோல் இருக்கும். துடுப்பு நீரைத் தொடும் ஓசைகூடக் கேட்கும்.

2006 நவம்பரில் குண்டு நடுவழியில் நிற்கத் தொடங்கியது. படகுக்கு மேலே வந்ததும் தயங்கும், இடப்பக்கம் திரும்பும், பிறகு அசையாது. பலகை முழுவதும் நரம்புபோல வெடிப்புகள். பணியாளர் அலுவலர் சலாஹுதீன், பழவேற்காட்டுக்காரர், வந்து பார்த்தார்.

"மேரியம்மா, ஓடாத சாமான் எதுவும் ரெஸ்ட் ரூம்ல இருக்கக் கூடாதுன்னு ஆர்டர். டிசம்பர் நாலு திங்கக்கிழமை வருவேன். மேல வுட்ட குண்டு நிக்காம கீழ வந்துச்சுன்னா இருக்கட்டும். நின்னுச்சுன்னா ஃபர்னஸ்தான்."

"ஒரு தபா வந்தா போதுமா சார்?"

"மூணு தபா. உங்களுக்குத் தெரியாததா? நீங்களே ஒரு பீஸை ஒரு தபா பாத்துட்டு வுட மாட்டீங்க."

பதினான்கு நாட்கள் இருந்தன. குப்புராஜ் கண்ணாடியை எடுத்து, பலகைமேல் இருந்த ரப்பர் வளையங்களையும் கம்பங்களையும் கழற்றித் தந்தார். மேரி கைவிளக்கைப் பலகையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். பக்கவாட்டு வெளிச்சத்தில் இருபத்து நான்கு வெடிப்புகள் தெரிந்தன. நகத்தால் ஒவ்வொன்றையும் குறுக்கே வருடினார். சிலவற்றில் நகம் வழுக்கியது, சிலவற்றில் மாட்டியது. மேற்பூச்சு மட்டும் வெடித்திருந்தால் வார்னிஷ் போதும். அடியில் பிளைவுட் வாய் திறந்திருந்தால் வேறு வைத்தியம். ஆனால் ஆழத்தை நகம் சொல்லவில்லை.

அப்போது அவர் கை, இருபத்து நான்கு ஆண்டுப் பழக்கத்தில், சிவப்பு மைக் குப்பியை எடுத்தது.

பூசினார். பத்து நிமிடம் பொறுத்தார். துடைத்தார். மை போகவில்லை. எஃகு மையை விரிசலில் மட்டுமே வைத்திருக்கும்; மரம் அதைக் குடித்துவிடும் என்பது அந்தக் கணத்தில்தான் அவருக்கு உறைத்தது. நிலவின் குறுக்கே சிவப்புக் கோடுகள் ஓடின. படகுப் பெண்ணின் கன்னமெல்லாம் புள்ளிகள்.

குப்புராஜ் எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா இது, நல்லா இர்ந்த பொண்ணுக்கு அம்மை வாத்த மாரி கீது."

"வாய மூட்றா குப்பு."

"தொடச்சிடுக்கா. அதான் கழுவுற தண்ணி கீதே உன்னாண்ட."

எஃகில் மை துடைக்கும் அந்தத் திரவத்தைத் துணியில் நனைத்து மேரி பலகையின் ஓர் ஓரத்தில் தொட்டுப் பார்த்தார். துணியில் வானத்தின் நீலம் ஒட்டிக்கொண்டு வந்தது. குப்பியை மூடி வைத்தார். பெட்டி உலைக்குப் போகுமானால் அது தன் கையால்தான் போகும் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவருக்குத் தோன்றியது எளிய விஷயம். மை இறங்கிவிட்டது, அதை மேலே இழுப்பதற்குத்தானே பொடி. ஈரமில்லாத வெள்ளைப் பொடியைச் சல்லடையில் சலித்துப் பலகை முழுவதும் தூவினார். வானம் மறைந்தது, நட்சத்திரங்கள் மறைந்தன. மூடுபனி மட்டும் எஞ்சியது. மதிய இடைவேளையில் உலையின் ரீங்காரத்தில் கண் செருக அவர் பலகை அருகே அமர்ந்திருந்தார். பனிக்குள் படகு எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. கண் விழித்துப் பார்த்தபோது வெண்மையில் இளஞ்சிவப்பு படர்ந்து, விடியும் நேரத்துக் கிழக்குபோல் இருந்தது. தூரிகையால் வாரினார், புதிதாகத் தூவினார். ஏழு நாட்கள் இப்படியே கழிந்தன.

இழுக்க இழுக்க, பலகையே தன் நோயைச் சொல்லத் தொடங்கியது. முதல் நாளே சிவந்து இரண்டாம் நாள் வெளுத்த கோடுகளில் ஆழமில்லை. இருபத்து மூன்று அப்படி. ஒன்று மட்டும், படகுக்கு மேலுள்ள மூன்றாம் சில்லின் ஓரமாக ஒரு சாண் நீளம், ஐந்தாம் நாளும் சிவப்பைக் கக்கிக்கொண்டிருந்தது. அதனடியில் பிளைவுட்டின் மேலடுக்கு எழும்பியிருந்தது. குண்டு தடுக்கியது அங்கேதான்.

"அந்த ஒரு எடத்துல மட்டும் இன்னாத்துக்குடா தூக்கினு நிக்குது?"

குப்புராஜ் தலையைச் சொறிந்தார். "நாந்தான்க்கா. அந்த மூணாவது பல்பு டல்லா கீதுன்னு பெரிசு ஒண்ணு மாட்னேன். போன வருசம்."

"சூட்டுல வெந்துக்கீது. உன்னையும் பெட்டியோட ஒலைக்கு அனுப்பணும்."

"பொடி தூவி என்னையும் மேல இஸ்து காப்பாத்திட மாட்டியா நீ?"

மேரி சிரித்துவிட்டார். பல்பை மாற்றினார்கள். ஆலையின் முதலுதவி அறையிலிருந்து ஊசி ஒன்றை வாங்கி, நீர்த்த மரப்பசையை அடுக்குக்குள் செலுத்தினார். மேலே மெழுகுத்தாள், அதன்மேல் வழவழப்பான ஒரு வார்ப்படம். மறுநாள் காலைவரை அந்தப் பாரம் அழுத்தியது. மற்ற வெடிப்புகளில் மெல்லிய வார்னிஷைப் பூனைமுடித் தூரிகையால் விட்டார், காய்ந்ததும் நயமான உப்புத்தாளால் தேய்த்து மட்டம் பார்த்தார், நான்கு முறை. கடைசியில் மெழுகு. குப்புராஜ் வளையங்களையும் கம்பங்களையும் கண்ணாடியையும் திரும்ப மாட்டினார்.

திங்கட்கிழமை சலாஹுதீன் வந்தார். முதல் குண்டு நிலவைக் கடந்து, மூன்றாம் சில்லை நெருங்கியது. மேரி பொத்தானில் விரலை வைத்தபடி மூச்சை அடக்கிக்கொண்டார். நிற்கவில்லை. இரண்டாவதும் நிற்கவில்லை. மூன்றாவது ஒரு கணம் தயங்குவதுபோலத் தெரிந்து, வழுக்கி இறங்கியது.

சலாஹுதீன் குனிந்து படகுப் பெண்ணைப் பார்த்தார். கன்னத்தில் நெல்லளவு சிவப்பு எஞ்சியிருந்தது.

"இது படத்துலயே இருந்ததா மேரியம்மா?"

ஆம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மேரி தம் சோதனைப் பதிவேட்டைத் திறந்து நீட்டினார். எஃகுக்கு எழுதுவதுபோலவே எழுதியிருந்தார்: ஆழ விரிசல் ஒன்று, சரிசெய்யப்பட்டது. மேற்பூச்சு வெடிப்பு இருபத்து மூன்று, சரிசெய்யப்பட்டது. கறை ஒன்று, சோதனையாளரின் தவறு, நீக்க இயலாது.

சலாஹுதீன் இருமுறை படித்தார். பிறகு பேனாவை எடுத்து, அந்த வரியின் கீழேயே "ஏற்கப்பட்டது" என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

"எனக்கும் ஒரு குண்டு குடுங்க," என்று சட்டைக் கையை மடித்தார். அரை நிமிடத்தில் தோற்றார்.

அதன்பின் மாதத்திற்கு ஒருமுறை மேரி அந்தப் பலகையை விளக்கைச் சாய்த்துப் பார்ப்பார், மெழுகிடுவார். புதிய வெடிப்பு ஏதும் பதிவாகவில்லை. பணி ஓய்வு பெற்ற 2009 மே 29, வெள்ளிக்கிழமை, மதிய இடைவேளையில் அவர் குண்டுப் பெட்டியில் கடைசியாக ஆடினார்.