டெசர்ட்டுக்கு எத்தனை எஸ்?

எழுபதுகளின் தொடக்கத்தில் அத்தைக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை ஜாம்ஷெட்பூரில் அதிகாரி. ஜாதகம் பொருந்தியது போதாதென்று, பெண் தன் கைப்பட இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும் என்றார் அவன் அப்பா.

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் வரனை ஒப்புக்கொள்ள நடைமுறை உண்டு. வேண்டாம் என்று சொல்லப் பெண்ணுக்கு நடைமுறை கிடையாது. ஆகவே, பி.ஏ. இங்கிலீஷ் முடித்திருந்த அத்தை, எம்.ஏ. விண்ணப்பத்தை மூடி வைத்துவிட்டு அடக்கமாகக் கடிதம் எழுதினாள். அப்பா அதை எட்டப் பிடித்துப் பார்த்து, "எழுத்து முத்து முத்தா இருக்கு" என்று தங்கைக்கு ஒப்புதல் வழங்கினார். சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டித் தபால் பெட்டியில் போடுவது ஒன்பது வயதான என் இலாகா.

அந்த வாரம்தான் பள்ளியில், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இங்கிலீஷ் வார்த்தைகளில் பரீட்சை. இருபதுக்கு இருபது வாங்கியிருந்தேன். ஒட்டுவதற்கு முன் கடிதத்தைப் படித்தால், பகீரென்றது. அமைதியான பெண் என்று சொல்ல 'க்வயட்' வேண்டிய இடத்தில் 'க்வைட்'. டயரி 'டெய்ரி' ஆகி, அத்தை தினமும் பால்பண்ணை எழுதிக்கொண்டிருந்தாள். டெசர்ட்டில் ஒரு எஸ் குறைந்து, விருந்தாளிகளுக்குப் பாயசத்துக்குப் பதில் பாலைவனம் பரிமாறக் காத்திருந்தாள். குடும்ப மானம் என் கையில். பிளேடால் சுரண்டி, அவள் பேனாவாலேயே மூன்றையும் சரிசெய்தேன். பிற்காலத்தில் அலுவலகத்தில் எத்தனையோ பேரின் வரைவுகளைத் திருத்தினேன்; அதுதான் முதல் கோப்பு.

பத்தாம் நாள் பதில் வந்தது. "இங்கிலீஷ் அப்பழுக்கில்லாம இருக்காம்! வெள்ளிக்கிழமை பொண்ணு பார்க்க வரோம்னு எழுதியிருக்கா!" என்றார் அப்பா.

"அப்பழுக்கில்லாமலா?" என்றாள் அத்தை.

பரிசை எதிர்பார்த்து முன்னால் போய் நின்றேன். "நான்தான் அத்தை திருத்தினேன். மூணு தப்பு. டெசர்ட்டுக்கு ரெண்டு எஸ். இதுகூடத் தெரியாம என்ன பி.ஏ.?"

"அடிப்பாவி! அந்த ஒரு எஸ்ஸை நம்பித்தானேடி இருந்தேன்!"

அத்தை கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணா, இந்த வரன் வேண்டாம். நான் எம்.ஏ. படிக்கப் போறேன்" என்றாள்.

"இதை முன்னாடியே வாயால சொல்றதுக்கென்ன?"

"நீ கேட்டாத்தானே?"

அப்பா மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு என்னிடம், "ஒரு கார்டு எடுத்துண்டு வா" என்றார்.

வரன் வேண்டாம் என்று அவர் எழுதிய கார்டைத் தபாலில் போடவும் நான்தான் போனேன். வழி முழுக்க ஒரே யோசனை. ஒரு தப்புகூட இல்லாத கடிதம் போயும் கல்யாணம் எப்படி நின்றது? ஒருவேளை டெசர்ட்டுக்கு மூன்று எஸ்ஸோ?