பக்கத்து இலை

கீழ்வேளூர் சலூனில் முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தபோது மனைவியின் போன் வந்தது. “ஜட்ஜ் அய்யா போயிட்டாராம்ங்க.” அப்படியே எழுந்து கிளம்பிவிட்டேன். அஞ்சலிக்கு வந்த கூட்டத்தில் ஒரு கன்னம் மட்டும் மழித்துக்கொண்டு நின்ற ஆள் நான்தான், பார்த்திருப்பீர்கள்.

கோவிந்தராசு அய்யா நடவு வேலைக்குப் போன குடும்பத்திலிருந்து படித்து மாவட்ட நீதிபதி ஆனவர். பதவியில் இருந்தவரை யார் வீட்டிலும் கை நனைத்ததில்லை. “இன்னைக்கு சாம்பார் ஊத்துறவன் நாளைக்கு வாதியா வந்து நிப்பான்யா” என்பார். தங்கை மகள் கல்யாணத்தில்கூட அட்சதை போட்ட கையோடு காரில் ஏறிவிட்டார்.

அப்போது நானும் வக்கீல் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாணிக்கம் என்பவரின் வாய்க்கால் வழக்கு என்னிடம் வந்தது. அப்பா வெட்டிய வாய்க்காலில் அடுத்த வயல்காரருக்குத் தண்ணீர் விட மாட்டேன் என்பது அவர் கட்சி. வழக்கை விசாரித்த அய்யா பேண்டைச் சுருட்டிக்கொண்டு வரப்பில் நடந்து நேரிலேயே பார்த்தார். பின்னால் போன நான் சேற்றில் விழுந்தேன். வழக்கும் விழுந்தது. அப்புறம்தான் நகைச்சுவை எழுதப் போனேன்.

ஓய்வு பெற்றதும் அய்யாவுக்கு ஒரே ஆசை: பந்தியில் நாலு பேரோடு தோள் இடிக்க உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பட்டுக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். தனி அறையில் போட்டிருந்த இலையை வேண்டாம் என்று சொல்லிப் பந்தியில் உட்கார்ந்தார். அப்பளம் வந்த நேரம், பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தவர் மாணிக்கம். திரும்பி அய்யாவைப் பார்த்தார். எழுந்துவிட்டார்.

“உக்காருங்க மாணிக்கம். வேணும்னா நான் எழுந்துக்கிறேன்.”

“உங்க பக்கத்துல உக்காந்தா எனக்குச் சோறு எறங்காதுங்கய்யா.”

மரியாதை குறையாமல் சொல்லிவிட்டுப் போயேவிட்டார். அய்யா இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. திரும்பும்போது காரில் சொன்னார். “தீர்ப்பு சரிதான்யா. அந்தாளு சாப்பிட்டிருக்கலாம்.”

அதன்பின் அவர் பந்திக்கே போகவில்லை. பத்திரிகை வந்தால் என்னை அனுப்புவார். “சாப்பிட்டு வந்து சொல்லு. பக்கத்துல யாரு, என்ன பேசினாங்க, எல்லாம்.” ஊர்வம்புக்கென்றே பிறந்தவனுக்கு இப்படி ஓர் உத்தியோகம்! எந்தச் சம்பந்தி யாரை முறைத்தார் என்பதுவரை சொல்வேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “இதுல பாதி பொய். மீதியையும் சொல்லு” என்பார்.

அவரால் எனக்கு ஒட்டிக்கொண்டது இந்தப் பழக்கம்தான்: பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலையைக் கவனிப்பது. நேற்றும் ஒரு கல்யாணம். பக்கத்து இலைக்காரர் பாயசத்துக்காகப் பரிமாறுபவரோடு போட்ட சண்டையை ஒரு வார்த்தை விடாமல் மனதில் அடுக்கி வைத்தேன். கை கழுவும்போதுதான், போய்ச் சொல்ல ஆளில்லை என்பது உறைத்தது.