எட்டாம் மாதத்தில் எடுத்த தாடி

வேலையிடத்தில் கடைசியாகக் கையெழுத்திட்ட தாளை நீங்கள் வாசித்தீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். ஸ்ரீதரன் வாசித்தார். அதில் இருப்பது பொய் என்று தெரிந்தும் கையெழுத்திட்டார்.

அவருக்கு நாற்பத்தொரு வயது. வீடு கனடாவின் மொன்றியல் நகரில், வில்லரே பகுதியில், மூன்றாம் மாடியில். வேலையோ விமானத்தில் போகவேண்டிய தூரத்தில், அல்பேர்ட்டா மாகாணத்தின் வடபகுதியில். பதினான்கு நாள் அங்கே, பதினான்கு நாள் இங்கே. அங்கே எண்ணெய் தார்போலக் கெட்டியாக மணலோடு ஒட்டிக் கிடக்கிறது. நிலத்தடியில் நீராவியைச் செலுத்தி அதை இளக்கி, இன்னொரு குழாயால் மேலே இழுக்கிறார்கள். நிலம் கம்பனியினுடையது அல்ல, மாகாண அரசிடமிருந்து குத்தகைக்கு எடுத்தது. தவணைக்குள் அங்கே எண்ணெய் உண்டு என்று காட்டி வேலையை வளர்க்காவிட்டால் குத்தகை கைநழுவிப் போகும். ஆகவே எல்லாவற்றிலும் அவசரம். அந்த அவசரத்துக்கு விலை கொடுப்பது முதலாளியின் நுரையீரல் அல்ல.

எண்ணெயோடு ஒரு வாயுவும் வரும். முதலில் கூழ்முட்டை நாற்றம். அளவு கூடினால் நாற்றம் நின்றுவிடும். வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை. மூக்கு செயலிழந்துவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் தொழிலாளர்களுக்குக் காற்றுச் சிலிண்டரும் முகமூடியும் கொடுக்கிறார்கள். முகமூடியின் றப்பர் விளிம்பு தோலோடு ஒட்ட வேண்டும். இடையில் தாடி இருந்தால் ஒட்டாது.

ஸ்ரீதரன் தாடி வைத்திருந்தார்.

அவருடைய மனைவி றொஷினி கர்ப்பமாக இருந்தார். அதற்கு முன் இரண்டு தடவை கரு கலைந்துபோயிருந்தது. மனைவி வயிற்றோடு இருக்கும்போது கணவன் சவரம் செய்யக்கூடாது என்பது றொஷினியின் தாய் புஷ்பவதியின் கட்டளை. ஸ்ரீதரனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் பயம் இருந்தது. இரண்டு தடவை வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மனிதனின் பயத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

தாடி நன்றாக அடர்ந்து, ஏழாம் மாதத்தில் அவர் வேலைக்குப் போனபோது, மொன்றியலுக்குப் பக்கத்துப் புரோசார்ட்டிலிருந்து வந்து கூட வேலைசெய்யும் தமிழர் வின்சன்ட் கேட்டார்: "என்ன அண்ணை, எண்ணெய்க் கிணத்தடியிலை ஆச்சிரமம் திறக்கப் போறியளோ?"

மேற்பார்வையாளர் கேலி செய்யவில்லை. திருப்பி அனுப்பினால் ஓர் ஆள் குறையும். "விளிம்பிலை வாசிலீன் பூசு, ஒட்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு ஒரு தாளை நீட்டினார். முகமூடிப் பொருத்தச் சோதனை நடந்தது, ஆள் தேறினார் என்று அதில் இருந்தது. சோதனை நடக்கவே இல்லை. அந்தப் பதினான்கு நாளும் ஸ்ரீதரன் வாசிலீனை நம்பி உயிரோடு இருந்தார்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் இதைச் சொல்லிவிட்டார். றொஷினிக்கு அப்போது எட்டாம் மாதம். குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்தார்.

"வாசிலீனோ? உங்களுக்கென்ன விசரோ?"

"கொம்மா சொன்னவ..."

"அம்மா சொன்னவவோ! போன ரெண்டு தரமும் தாடி வைச்சனீங்கள்தானே? வைச்சு என்ன நடந்தது?"

அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது.

றொஷினி சவரக் கத்தியையும் துவாயையும் எடுத்துவந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். சத்தம் கேட்டுப் புஷ்பவதி ஓடிவந்தார்.

"பிள்ளை, வேண்டாம்! வயித்துப் பிள்ளைக்கு ஏதும் வந்தா?"

"இந்தப் பிள்ளைக்கு அப்பா வேணும் அம்மா. தாடி வேண்டாம்."

"ரெண்டு மாசம் பொறுக்கேலாதோ?"

"வாயு பொறுக்குமோ?"

புஷ்பவதி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. பெரிய வயிற்றோடு குனிய முடியாமல், றொஷினி நின்றபடியே கணவனின் கன்னத்தை மழித்தார். இடது தாடையில் ஒரு சின்ன வெட்டு. ஸ்ரீதரன் அழுதாரா, சோப்பு கண்ணில் பட்டதா என்று நான் விசாரிக்கவில்லை.

அடுத்த முறை போனதும் ஸ்ரீதரன் மேற்பார்வையாளரிடம் உண்மையான சோதனை கேட்டார். "போன மாதம்தானே தேறினாய்!" என்றார் அவர். "தேறவில்லை. அது உங்களுக்கும் தெரியும்" என்றார் ஸ்ரீதரன். ஒன்பது வருட வேலையில் அவர் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

முகமூடியை மாட்டியவரின் தலையைச் சுற்றி ஒரு கசப்பு மருந்தைத் தெளிப்பார்கள். உள்ளே நாக்கில் கசந்தால் காற்று புகுகிறது என்று பொருள். ஸ்ரீதரனுக்குக் கசந்தது. மழித்த முகத்திலும் கசந்தது! அவருக்குக் கொடுத்திருந்த முகமூடியே ஓர் அளவு பெரியது. தாடி இல்லாத வருடங்களிலும் அந்த முகமூடி அவரைக் காத்திருக்காது. சின்ன அளவு கொண்டுவந்தார்கள். கசக்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை, அவரும் வின்சன்டும் முகமூடியோடு குழாயிலிருந்து மாதிரி எடுத்துக்கொண்டிருந்தபோது ஓர் இணைப்பு கழன்று வாயு பீறிட்டது. சட்டையில் மாட்டியிருந்த வாயு மானி அலறியது. இருவரும் காற்றடிக்கும் திசைக்கு எதிராக நடந்தார்கள். ஓடவில்லை, ஓடக்கூடாது என்பது பயிற்சி. வேலிக்கு வெளியே வந்து முகமூடியைக் கழற்றியதும் வின்சன்ட் சொன்னார்: "அண்ணை, உங்கடை தாடையிலை ஒரு வெட்டுத் தழும்பு. ஆர் வெட்டினது? அவவுக்கு ஒரு கோயில் கட்டவேணும்."

"கோயில் வேண்டாமடா. ஃபோனைத் தா."

மொன்றியலில் றொஷினி எடுத்தார். "நான் நல்லா இருக்கிறன்" என்றார் ஸ்ரீதரன். பிறகு இணைப்பு கழன்றதையும் முகமூடி ஒட்டி நின்றதையும் சொன்னார்.

ஐந்து வாரம் கழித்து மகள் பிறந்தாள். மூன்று கிலோ, நல்ல குரல். தொட்டிலருகே நின்ற புஷ்பவதி, "எல்லாம் முருகன் காப்பாத்தினது" என்றார்.

"அப்ப கத்தியை என்ரை கையிலை தந்ததும் அவர்தான் எண்டு வையுங்கோ அம்மா" என்றார் றொஷினி. புஷ்பவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று அவரே மருமகனிடம், "தம்பி, தாடி முளைக்குது, வழியுங்கோ. பிள்ளைக்குக் குத்தும்" என்றார்.

அதே முகாமில் இன்னும் எத்தனை பேர் பெரிய முகமூடியோடு நிற்கிறார்கள் என்று ஸ்ரீதரனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் உங்களுடையதை நீங்கள் அறியலாம். எண்ணெய் வயலோ, பெயின்ற் அடிக்கும் பட்டறையோ, முகமூடி போட்டு வேலைசெய்கிறவரானால், உங்கள் பெயரில் இருக்கும் அந்தத் தாளை நாளைக்கே கேட்டு வாங்கி வாசியுங்கள். சோதனை நடக்காமல் தேறியிருந்தால், வேலையைத் தொடங்குவதற்கு முன், அந்தக் கசப்பைத் தெளிக்கச் சொல்லுங்கள்.